வைத்த இடத்தில் இருக்கட்டும்

உக்குவளை
20.01.2008

மச்சான் விஜி,

கடிதமா என்று சிரிக்காதே. நம் மின்னஞ்சல் குழுமத்தில் எழுதினால் நம் சண்டையை இருபது ஊர்த் தமிழர்கள் தேநீர் குடித்தபடி வாசிப்பார்கள். அதனால்தான் தபால். சொல்லாமல் கொள்ளாமல் டொரொன்டோவுக்கு விமானம் ஏறினவன் நீ. ஒன்றரை வருடம் கழித்து முதலில் பேனையைத் தூக்குகிறவன் நான். இருக்கட்டும்.

நீ அமைத்த கராம்பு இரண்டாம் பதிப்பு கைக்கு வந்தது. மாமாவின் பலசரக்குக் கடைக்கு மேலே, இதே அறையில் உட்கார்ந்து லினக்ஸ் இயங்குதளத்தைத் தமிழில் கொண்டுவந்தோம். கீழே இருந்து வாசனை வருகிறதே என்று கராம்பு என்றே பெயரும் வைத்தோம். அந்தக் கராம்புதானா இது என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

வியாழன் நிறுவினேன். நேற்று சனிக்கிழமை சனம் வந்தது, என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. இங்கே ஊருக்குப் பொதுவான ஒரு கணினியை முப்பது பேர் பாவிக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆளுக்கொரு கடவுச்சொல் என்றால் மறந்துவிட்டு வந்து நிற்பார்கள் என்று எல்லாருக்கும் ஒரே திரையைத்தான் வைத்தோம். அவர்களாகவே இடம் பிரித்துக்கொண்டார்கள். மேல் இடது மூலை தையல் வகுப்பு ஸரீனா ராத்தாவுடையது. வலது ஓரம் பதுர்தீன் மௌலவியின் வினாத்தாள்கள். நடுவில் கோயில் இளைஞர் சங்கம். குப்பைத் தொட்டிச் சின்னத்துக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் எதையும் வைப்பதில்லை. அந்தச் சுற்றுவட்டாரமே காலி. யாரும் சொல்லிக் கொடுக்காத ஒழுங்கு அது.

உன் புதிய பதிப்பில் நேற்று யார் எதைத் திறந்தாரோ அது முதலாவது கட்டத்தில் வந்து நிற்கிறது. மற்றதெல்லாம் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் போகிறது. இதை நிறுத்தத் தேடினேன், தேடினேன், வழியே இல்லை. அந்தச் சுவிட்சையே எடுத்துவிட்டாயாம். பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால் அன்பளிப்பாகக் கிடைத்த புது அச்சு இயந்திரம் அதில் வேலை செய்யாது.

பெயரைப் பார்த்துத் தேடட்டும் என்று சொல்வாய். இந்த அறைக்கு வருகிற ஒருவருக்கு அது ஏலாது. எழுத்தைப் பார்த்து ஒரு கோப்பைக் கண்டுபிடிக்க அவரால் முடியாது, இடத்தை வைத்துத்தான் எடுப்பார். யார் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவருக்காகவாவது வைத்ததை வைத்த இடத்தில் விடு.

நுஹ்மான்


டொரொன்டோ
02.02.2008

அன்புள்ள நுஹ்மான்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம்தான் வந்தது. வாசித்த பிறகு போய்விட்டது.

பண்டகசாலையில் எட்டு மணித்தியாலம் பெட்டிகளுக்குப் பட்டி ஒட்டிவிட்டு, போகவரும் ரயிலில் மடியில் கணினியை வைத்து அந்தத் திரையை அமைத்தேன். ஏழு மாதம். நீ அனுப்பிய பழைய திரையின் படம் என்னிடம் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், அறுபத்திரண்டு சின்னங்கள். பின்னாலிருக்கும் படமே தெரியவில்லை. மீன் சந்தையில் கூட இதைவிட இடைவெளி இருக்கும். கணினி எதற்கு? நாம் தேடுகிற வேலையை அது செய்வதற்கு. நேற்றுத் தொட்டதை இன்று முன்னால் கொண்டுவந்து தருகிறது. ஒன்பது பராமரிப்பாளர்களும் ஒத்துக்கொண்டுதான் வெளியிட்டோம். நீயும் ஒன்பதில் ஒருவன். அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டு இன்று தபால் முத்திரை வாங்கி ஒட்டுகிறாய்.

பெயர் தெரியாத ஒரு ஆளுக்காக ஆயிரக்கணக்கானோர் பாவிப்பதை மாற்ற ஏலாது. அவருக்குக் கண் தெரியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்கு. அதற்குச் சுவிட்ச் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்பா என்னோடு கோபமா? மாதம் தவறாமல் அவருடைய கடிதம் வருகிறது, அதே அழகான எழுத்து. மழை, மிளகு விலை, பக்கத்து வீட்டு நாய். ஆனால் நான் கேட்ட ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. பிரஷருக்கு மருந்து எடுக்கிறீர்களா என்று நான்கு கடிதங்களில் கேட்டுவிட்டேன். இங்கே வருகிறீர்களா, விண்ணப்பம் போடட்டுமா என்று கேட்டேன். அதற்கும் மழைதான் பதில். தொலைபேசியில் கேட்டால், “ஃபோனில இதெல்லாம் கதைக்கக் கூடாது, கடிதத்தில எழுது” என்று வைத்துவிடுகிறார். அம்மா போன பிறகு அவரைத் தனியே விட்டுவிட்டு வந்தேன் என்று மனதில் வைத்திருக்கிறார் போல. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு முழுக் கடிதம் எழுதினேன், நுஹ்மான். அதற்கு வந்த பதிலில் பலாமரத்தில் பதினொரு காய் என்று இருந்தது. ஒப்பாரி வைக்காத குறைதான்.

நீ அடிக்கடி காண்பாய். என்ன என்று கேட்டுச் சொல்.

விஜயரத்தினம்


உக்குவளை
17.02.2008

மச்சான் விஜி,

இதை உட்கார்ந்து வாசி.

போன செவ்வாய்க்கிழமை உன் அப்பா பொலிஸுக்குப் போனார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று இப்போது எல்லா வீடும் பட்டியல் கொடுக்க வேண்டும். அவருடைய பட்டியலில் ஒரே பெயர், அவர் மட்டும். முன்பே இங்கே தட்டச்சுச் செய்து திரையில் கீழிருந்து இரண்டாம் வரிசை, வலமிருந்து மூன்றாம் கட்டத்தில் வைத்திருந்தார். புதிய பதிப்பு வந்ததும் அவருடைய கோப்புகளை நானே பழைய இடங்களுக்கு இழுத்து வைத்தேன். நான் கடையில் மாமாவுக்கு உதவி செய்துகொண்டிருந்த நேரம் கோயில் பையன்கள் வந்து எதையோ திறந்திருக்கிறார்கள், எல்லாம் ஒவ்வொரு கட்டம் தள்ளிப் போய்விட்டது. இவர் வந்தார், தன் இடத்தில் இருந்ததைத் திறந்தார், அச்சடித்தார், கீழே கையெழுத்துப் போட்டார், கொண்டுபோய்க் கொடுத்தார்.

அது தேருக்கு வடம் பிடிக்கிற இளைஞர்களின் பெயர்ப் பட்டியல். இருபத்திமூன்று பேர். வயதோடு.

தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் வாசித்திருக்கிறார். இருபத்திமூன்று தமிழ்ப் பொடியன்கள் ஒரு கிழவர் வீட்டில், அதுவும் இந்த யுத்த காலத்தில். காலை ஒன்பதுக்குப் போனவரை வாங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டையும் போய்ப் பார்த்தார்கள். அடிக்கவில்லை, கத்தவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் “இதை வாசிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். “கண்ணாடியை மறந்திட்டன்” என்றாராம் அங்கிள். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. கோயில் செயலாளர் மகேந்திரராஜாவைக் கூட்டிக்கொண்டு நான் ஓடினேன். அவர் விளங்கப்படுத்தி வெளியே வர மூன்றரை மணி.

இனி வாக்காவது, மண்ணாவது.

உன் அப்பாவால் வாசிக்க முடியாது, விஜி. 2006 டிசம்பரில், நீ போய் நான்கு மாதத்தில், மூளையில் சின்னதாக ஒரு அடைப்பு. நான்தான் கண்டிக்குக் கொண்டுபோனேன். நான்கு நாளில் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கை, கால், பேச்சு எல்லாம் சரி. மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறார். பத்திரிகையைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. எழுத்து தெரிகிறது, எழுத்து என்று மூளை எடுத்துக்கொள்ளவில்லை. எழுதுவது மட்டும் அப்படியே இருக்கிறது. டொக்டர் சொன்னார், அபூர்வமாக இப்படி வருமாம். எழுதுவார், தன் எழுத்தையே வாசிக்க மாட்டார். நில அளவைத் திணைக்களத்தில் பார்க்காமல் தட்டச்சுப் பழகிய விரல் இன்றைக்கும் பிழை விடாது.

“பிள்ளை அங்க தனிய கிடந்து மாரடிக்கிறான். இதைச் சொன்னியெண்டால் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வருவான். இங்க வந்தா அவன்ர உயிருக்கு ஆர் உத்தரவாதம்? சொல்லாத” என்றார். சத்தியம் வாங்கிவிட்டார்.

உன் கடிதங்களை நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று எத்தனை தரம் கேட்டேன் தெரியுமா? “என்ர பிள்ளை எனக்கு எழுதினதை நீ ஏன் வாசிக்கோணும்?” என்பார். கடிதம் வந்தால் உறையைப் பிரித்து, தாளை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துச் சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். “சுகமா இருக்கிறான்” என்று சொல்லி மடித்து வைப்பார். உன் மன்னிப்புக் கடிதத்தையும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

கோபம் ஒன்றும் இல்லை. நீ என்ன கேட்டாய் என்றே அவருக்குத் தெரியாது.

நுஹ்மான்


டொரொன்டோ
02.03.2008

நுஹ்மான்,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் இரண்டிலும் உன்னைத் திட்டியிருந்தேன். பதினான்கு மாதம், மச்சான்! என் அப்பாவுக்கு மூளையில் அடைப்பு, அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. திரையில் சின்னம் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்கிறாய், இதைச் சொல்லவில்லை. உன் முகத்தில் முழிக்கவே கூடாது என்று இருந்தது. பிறகு யோசித்தேன். கண்டிக்குக் கொண்டுபோனது நீ. பொலிஸுக்கு ஓடினது நீ. எந்த வாயால் உன்னைத் திட்டுவது?

என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கு, சுவிட்ச் இருக்கிறது என்று எழுதினேனே, அந்த வரி வேலைக்கு இடையிலும் வந்து வந்து நிற்கிறது. அவர் வாங்கில் ஆறரை மணித்தியாலம் இருந்தார். அதை அமைத்தவன் நான்.

அன்றைக்கே நிரலைத் திறந்து திருத்திவிட்டேன். பெரிய வேலை இல்லை. ஒருவர் ஒரு கோப்பைக் கையால் ஒரு இடத்தில் வைத்தால் அது அங்கேயே இருக்கும், வேறு யார் எதைத் திறந்தாலும் அசையாது. உனக்கு இறுவட்டில் பதிந்து தனியாக அனுப்பியிருக்கிறேன், உடனே நிறுவு.

ஆனால் எல்லாருக்குமான பதிப்பில் சேர்க்கக் குழுமம் சம்மதிக்கவில்லை. ஒன்பதில் ஒருவரான சென்னைக்காரர் கேட்கிறார், “ஏழு மாதம் எங்களோடு வாதாடி வென்றீர்கள். ஒரே வாரத்தில் தலைகீழாக நிற்கிறீர்களே, காரணம் என்ன?” நியாயமான கேள்விதான். மூன்று பேர் ஆம், ஐந்து பேர் இல்லை, ஒருவர் வாய் திறக்கவில்லை. சேர்க்காவிட்டால் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் நான் உங்களுக்கென்று தனியாக ஒட்டுப் போட வேண்டும். ஒரு தரம் தவறினால் அப்பா மறுபடி எதையாவது கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோவார்.

உண்மையைச் சொன்னால் ஒரு நாளில் சம்மதிப்பார்கள். சொல்ல மாட்டேன். எனக்கே மறைத்ததை ஊருக்கு எடுத்து விட எனக்கு உரிமை இல்லை. நீயும் சொல்லாதே.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லலாமா? நீயே முடிவு செய். நான் கோழை.

விஜி


உக்குவளை
23.03.2008

மச்சான் விஜி,

இறுவட்டு வந்தது, நிறுவினேன். சின்னங்கள் அசையவில்லை. ஸரீனா ராத்தா தன் மூலைக்குத் திரும்பிவிட்டா, இந்த வாரம் எனக்கு அவ செய்த இனிப்பு வட்டிலாப்பம் கிடைத்தது.

அப்பாவிடம் சொன்னேன். சரியான அடி வாங்கினேன், கையால் இல்லை, வாயால். “உன்னை நம்பினன் பார், என்னைச் செருப்பால அடிக்கோணும்” என்று குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். எட்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. வீட்டுக்குப் போனேன், கதவு திறக்கவில்லை. உள்ளே வானொலி கேட்டது. மாமா சொன்னார், “விடு மகன், அவர் மனுசன், ஆறட்டும்.” எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. உன் அப்பா எனக்கும் யார் என்று உனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் தானாகவே வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏதோ சாமான் விலை கேட்கிற மாதிரி, “பிள்ளை என்ன எழுதினவன்?” என்றார். உன் கடிதத்தை எடுத்தேன். “வாசிக்க வேண்டாம், சொல்லு” என்றார். சொன்னேன். திருத்தினாய் என்று சொன்னேன். குழுமம் சம்மதிக்கவில்லை என்றும், காரணம் கேட்கிறார்கள் என்றும், நீ சொல்ல மறுத்துவிட்டாய் என்றும் சொன்னேன்.

“ஏன் மறுத்தவன்?”

“உங்க விஷயம் அங்கிள். அவனுக்கு அதைச் சொல்ல உரிமை இல்லையாம்.”

கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். “அப்ப அந்தச் சனம் அவனை என்னெண்டு நினைக்கும்? இண்டைக்கு ஒண்டு, நாளைக்கு ஒண்டு கதைக்கிறவன் எண்டு?”

ஆம் என்றேன்.

குழுமத்துக்கு எழுதுகிற பெட்டியைத் திறந்து வைக்கச் சொன்னார். வைத்தேன். என்னை ஜன்னல் பக்கம் போய் நிற்கச் சொன்னார். தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, நிறுத்தாமல். முடித்ததும், “பிழை இருக்கா எண்டு பார்க்கட்டுமா அங்கிள்?” என்று கேட்டேன். “வேண்டாம். அனுப்பிற பொத்தான் எங்க இருக்கு?” என்றார். வலது மேல் மூலை என்றேன். அழுத்தினார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர முன்பே நீ அதை வாசித்திருப்பாய். நானும் பிறகுதான் வாசித்தேன். மாமா என்னைக் கீழே கூப்பிட்டார், நான் போகவில்லை. அழுத முகத்தோடு கடைக்கு இறங்க ஏலாது.

நுஹ்மான்


டொரொன்டோ
27.03.2008

அன்புள்ள நுஹ்மான்,

அப்பா குழுமத்துக்கு எழுதியதை ரயிலில் வாசித்தேன். இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது. இரண்டு நிலையம் தாண்டி இறங்கி, நடைமேடை வாங்கில் உட்கார்ந்து மறுபடி வாசித்தேன். உனக்கும் மனப்பாடமாக இருக்கும், ஆனாலும் என் கையால் ஒரு தரம் எழுத வேண்டும் போல இருக்கிறது. அப்பா எழுதியது இது:

“நான் இராசலிங்கம். மாத்தளையில் முப்பத்தொரு வருடம் நில அளவையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். 2006 மார்கழியில் மூளையில் வந்த ஒரு வருத்தத்துக்குப் பிறகு என்னால் எழுத முடியும், வாசிக்க முடியாது. இதை எழுதி முடித்த பின் இதையும் என்னால் வாசிக்க முடியாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் கோப்புகளை அவை இருக்கும் இடத்தை வைத்தே அறிவேன். எல்லைக் கல்லை உரியவரைக் கேட்காமல் நகர்த்துவது எங்கள் தொழிலில் குற்றம். உங்கள் திரையில் அது தினமும் நடக்கிறது. அதனால் எனக்கு ஒரு நாள் சிரமம் வந்தது. என்னைப் போல் வேறு எத்தனை பேர் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கிறார்களோ தெரியாது. திரையை அமைத்தவர் என் மகன். அவர் ஒரு சொல்லில் நிற்பவர். இதை அவருக்கு மறைத்தவன் நான். ஆகவே அவரில் பிழை காண வேண்டாம்.”

அவ்வளவுதான். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

அன்று இரவே பதில்கள் ஒன்றொன்றாக வரத் தொடங்கின. சென்னைக்காரர்தான் முதலில், தன் வாக்கை மாற்றிக்கொள்வதாக. மட்டக்களப்பிலிருந்து அருந்ததி என்று ஒரு ஆசிரியை, இதுவரை ஒரு வரியும் எழுதாதவர், தன் வகுப்பில் எழுத்துக் கூட்ட முடியாத ஒரு பிள்ளை படத்தின் இடத்தை வைத்தே கணினி பாவிக்கிறாள், புதிய பதிப்பு வந்ததிலிருந்து தொடுவதில்லை என்று எழுதியிருந்தார். பினாங்கிலிருந்து ஒருவர், தன் தகப்பனாருக்கும் அப்படித்தானாம், வீட்டில் கோபக்காரர் என்று நினைத்திருந்தார்களாம். முப்பத்தொரு பதில்கள். ஒன்பது வாக்கும் ஆம். அடுத்த மாதப் பதிப்பிலிருந்து எல்லாருக்கும் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும்.

நானும் பதில் போட்டேன். நான்கு பக்கம் எழுதத் தொடங்கி, ஒரு வரியில் நிறுத்தினேன்: “அமைத்தது பிழை, ஒப்புக்கொள்கிறேன், விஜயரத்தினம், இராசலிங்கத்தின் மகன்.”

அவர் அதை வாசிக்க மாட்டார் என்று அனுப்பிய பிறகுதான் உறைத்தது. நீ கேட்டுப் பார், மச்சான். ஏச்சு வாங்கினாலும் கேட்டுப் பார்.

விஜி


உக்குவளை
10.04.2008

மச்சான் விஜி,

நான் கேட்க வேண்டி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தார். “பதில் வந்ததாமே. ஆர் என்ன சொன்னவை? வாசி” என்றார். சொல்லு என்று கேட்கவில்லை, வாசி என்றார். முப்பத்தொன்றையும் வாசித்தேன். அந்த மட்டக்களப்புப் பிள்ளைக்கு என்ன வயது என்று விசாரித்தார். சென்னைக்காரர் நல்ல மனுசன் என்றார். உன் வரி வந்தபோது கையை உயர்த்தி, “அதை இன்னொருக்கா” என்றார். வாசித்தேன். “இன்னொருக்கா.” வாசித்தேன்.

நேற்று ஒரு சீத்தைத் துணிப் பையோடு வந்தார். உள்ளே உன் கடிதங்கள், பத்தொன்பது, நூல் போட்டுக் கட்டியிருந்தது. “திகதிப்படி அடுக்கித்தான் வச்சிருக்கிறன். முதலாவதில இருந்து வா” என்றார்.

உன் எழுத்தை வாசிப்பது லேசு இல்லை, தெரியுமா? இரண்டு இடத்தில் தடுமாறினேன். “மெதுவா வாசி, அவன் கெதியா எழுதுவான்” என்றார். நீ ஒவ்வொரு கேள்வி கேட்ட இடத்திலும் என்னை நிறுத்தி, நீ எதிரே நிற்கிற மாதிரி பதில் சொன்னார். மருந்து எடுக்கிறாராம். சமையல் தானேயாம், பருப்பு மட்டும் அடிப்பிடிக்கிறதாம். அங்கே வருவதைப் பற்றிக் கேட்ட இடத்தில் மட்டும் மேலே வாசிக்கச் சொன்னார். மன்னிப்புக் கடிதத்தை வாசித்து முடித்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே மாமா கடையைப் பூட்டக் கதவுப் பலகை போடத் தொடங்கியும் எழும்பவில்லை. இதை நான் விவரமாக எழுத மாட்டேன், அது உங்கள் இருவருடையது.

கடிதங்களை மறுபடி கட்டித் தரும்போது, “இதுக்கெல்லாம் பதிலை நீங்க சொல்லுங்க அங்கிள், நான் எழுதி அனுப்புறேன்” என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நீ ஏன்? எழுத எனக்கு ஏலும்தானே.”

நுஹ்மான்